கலைக்கு வரிப்பணமா? ஆம், வரிப்பணமே!



2025-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கக் கூட்டரசின் வரவு செலவுத் திட்ட முன்மொழிவு வெளிவந்தது. நேஷனல் எண்டோமென்ட் ஃபார் தி ஆர்ட்ஸ் எனப்படும் தேசியக் கலை நிதியத்தை அடியோடு மூடிவிட வேண்டும் என்பது அதிலிருந்த பரிந்துரைகளுள் ஒன்று. அன்று மாலையே நாடெங்கிலும் உள்ள நாடகக் குழுக்களுக்கும், நடனக் குழுக்களுக்கும், சிறு பதிப்பகங்களுக்கும் மின்னஞ்சல்கள் சென்றன. ஏற்கெனவே வழங்குவதாக ஒப்புக்கொள்ளப்பட்ட நல்கைகள் பல நீக்கப்படுகின்றன என்பதே அவற்றின் செய்தி. 2017-இலும் இதே பரிந்துரை எழுந்தது. அப்போது அமெரிக்கக் காங்கிரஸ் அதனை ஏற்கவில்லை.

நம் தமிழ்ச் சமூகத்தில் இதுபற்றி எழுந்த பேச்சு மிகக் குறைவு. எழுந்த சிறு பேச்சும் பெரும்பாலும் ஒரே பல்லவியையே பாடியது. "சாலை போட வேண்டிய பணத்தை ஆடுவோர்க்கும் பாடுவோர்க்கும் ஏன் தர வேண்டும்? மக்கள் விரும்பும் கலை தானே பிழைத்துக்கொள்ளும். விரும்பாத கலை அழிந்தால் யாருக்கு இழப்பு? சுவர் இருந்தால்தானே சித்திரம்?" என்று, நன்கு படித்த, நல்ல பதவியில் இருக்கும் நம்மவர்கள் கேட்கின்றனர்.

இக்கேள்விகளுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். நான் கலைஞன் அல்லன். பொறியியல் பயின்று, கணினித் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து வருபவன். எனவே பொறியாளர்களாகிய நமக்குப் பழக்கமான கணக்கு மொழியிலேயே தொடங்குகிறேன்.

சுவரும் சித்திரமும்: கணக்கு என்ன சொல்கிறது?

தேசியக் கலை நிதியத்திற்கு 2024 நிதியாண்டில் ஒதுக்கப்பட்ட தொகை 20 கோடியே 70 இலட்சம் டாலர். பெருந்தொகையாகத் தோன்றலாம். அமெரிக்க மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 62 சென்ட். கூட்டரசு செலவிடும் ஒவ்வொரு 100 டாலரிலும் ஒரு சென்ட்டின் மூன்றிலொரு பங்குகூடக் கலைக்குச் செல்லவில்லை. இதனை நிறுத்தி எந்தச் சாலையைப் போடப் போகிறோம்? எந்த மருத்துவமனையைக் கட்டப் போகிறோம்? சுவருக்கான செங்கல்லைச் சித்திரக்காரன் திருடிவிட்டான் என்று குற்றஞ்சாட்டுவோர், அவன் கையில் இருப்பது ஒரு துளி வண்ணம் மட்டுமே என்பதைக் காண மறுக்கின்றனர்.

அத்துளியும் எப்படிச் செலவாகிறது என்று பாருங்கள். நிதியத்தின் நல்கைத் தொகையில் 40 விழுக்காடு மாநிலக் கலை வாரியங்களுக்கும் வட்டார அமைப்புகளுக்கும் செல்கிறது. எஞ்சியதிலிருந்து ஓர் அமைப்பு நல்கை பெற வேண்டுமாயின், பொதுவாக அதற்கு ஈடான தொகையை அது வேறு வழிகளில் திரட்டிக் காட்ட வேண்டும். அரசின் ஒரு டாலர் தனியாரின் மற்றொரு டாலரை அழைத்து வருகிறது. கலைத்தொழில்களும் பண்பாட்டுத் தொழில்களும் 2022-இல் அமெரிக்கப் பொருளாதாரத்திற்கு ஈட்டித் தந்த மதிப்பு ஏறத்தாழ 1.1 இலட்சம் கோடி டாலர். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.3 விழுக்காடு என்று அமெரிக்க அரசின் பொருளாதாரப் பகுப்பாய்வுத் துறையே கணித்துள்ளது. ஆயினும் இதனை என் முதன்மை வாதமாக வைக்கவில்லை. ஈட்டித் தருவதால் மட்டுமே கலையைக் காக்க வேண்டும் என்றால், ஈட்டித் தராத நாளில் அதனைக் கைவிடலாம் என்றாகிவிடும். தாய்மொழியை அவ்வாறு எடைபோட்டால் நம் பிள்ளைகளில் எவரும் தமிழ் படிக்க வேண்டியதில்லை.

நம்மை வளர்த்தது யார் பணம்?

"சந்தையே தீர்மானிக்கட்டும்" என்று முழங்கும் நம் நண்பர்கள், தம் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும். நம்மில் எத்தனையோ பேர் அரசுப் பொறியியல் கல்லூரிகளிலும், அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் மிகக் குறைந்த கட்டணத்தில் பயின்றவர்கள். அக்கட்டணத்திற்கும் உண்மைச் செலவுக்கும் இடையே இருந்த பள்ளத்தை நிரப்பியது யார்? கல்லூரி வாசலையே மிதித்திராத உழவரும், நெசவாளரும், கூலித் தொழிலாளரும் செலுத்திய வரிதான் நிரப்பியது. "என் பிள்ளை பொறியியல் படிக்கவில்லை, நான் ஏன் வரி கொடுக்க வேண்டும்?" என்று அவர்கள் கேட்டிருந்தால் நாம் இன்று எங்கே இருந்திருப்போம்?

நாம் பிழைக்கும் துறையையே எடுத்துக்கொள்வோம். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட், 1969-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் பிறந்தது. உலகளாவிய வலை 1989-இல் ஐரோப்பிய அரசுகள் இணைந்து நடத்தும் செர்ன் ஆய்வு மையத்தில் கருக்கொண்டது. 1993-இல் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு அளிக்கப்பட்டது. கூகுள் தேடுபொறிக்கு வித்திட்ட ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வுக்குத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நல்கை துணைநின்றது. எந்த முதலீட்டாளரும் காசு போடத் துணியாத காலத்தில் அரசு போட்டது. வளர்ந்தபின் சந்தை வந்து அறுவடை செய்தது.

தமிழ்க் கணிமைக்கும் இதே கதைதான். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடும், அங்கு எட்டப்பட்ட விசைப்பலகை, குறியீட்டு ஒழுங்குகளும் தமிழ்நாடு அரசின் முன்னெடுப்பால் விளைந்தவை. 2001-இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக நம் பிள்ளைகளுக்கு இலக்கியங்களைத் திரையில் விரித்து வைக்கிறது. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 2017-இல் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் வழங்கியபோது நாமெல்லாம் கைதட்டி வரவேற்றோம். அது வரிப்பணம் அல்லவா? நமக்கு வேண்டியதற்கு அரசு தந்தால் முதலீடு. பிறர்க்கு வேண்டியதற்குத் தந்தால் வீண்செலவு என்பது எவ்வகை நியாயம்?

சந்தையால் ஏன் இயலாது?

1966-இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்னும் இரு பொருளியலாளர்கள் நிகழ்த்துகலைகளின் பொருளாதாரத்தை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டனர். அவர்கள் கண்ட உண்மை எளியது, ஆனால் கொடியது. தொழிற்சாலையில் பொறிகள் வளர வளர ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் செய்யும் பொருள் பெருகுகிறது. ஆகவே அவர் ஊதியமும் உயரலாம். நிகழ்த்துகலையில் அவ்வாறு இயலாது.

நமக்குத் தெரிந்த எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான ஒரு பரதநாட்டிய நிகழ்ச்சிக்கு நூறாண்டுகளுக்கு முன்பும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தேவைப்பட்டது, இன்றும் தேவைப்படுகிறது. ஆடுபவர், நட்டுவனார், பாடகர், மிருதங்கக் கலைஞர், குழலோ வயலினோ வாசிப்பவர் எல்லோரும் வேண்டும். புதிய செயலி வந்துவிட்டது என்பதற்காக வர்ணத்தைப் பத்து நிமிடத்தில் முடிக்க முடியுமா? மிருதங்கக் கலைஞரைக் குறைத்துவிட்டு உற்பத்தித்திறன் உயர்ந்தது என்று கூற முடியுமா? இதற்கிடையே அக்கலைஞரின் வீட்டு வாடகையும், மருத்துவக் காப்புறுதியும் மற்றவர்களுக்கு உயர்வது போலவே உயர்கின்றன. நுழைவுச்சீட்டின் விலையை ஏற்றிக்கொண்டே போனால் எளியோர் வரமாட்டார்கள். ஏற்றாவிட்டால் கலைஞர் பட்டினி கிடப்பார். மக்கள் எவ்வளவு விரும்பினாலும் இப்பள்ளம் தானாக நிரம்பாது. "நல்ல கலை தானே பிழைக்கும்" என்பது விதையின்றி விளைச்சல் வரும் என்பது போன்ற நம்பிக்கை.

கலை யாருக்கு உரியது?

புலம்பெயர்ந்த பெற்றோர்கள் இதனைத் தம் வாழ்விலேயே காணலாம். பிள்ளைக்கு அரங்கேற்றம் செய்ய மண்டபம், ஆடை, பக்கவாத்தியக் கலைஞர்களின் பயணச்செலவு என்று எத்தனை ஆயிரம் டாலர் செலவாகிறது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செலவழிக்க இயன்றவர் செலவழிக்கிறார். இயலாதவர்? உணவகத்தில் இரவுப்பணி செய்யும் தமிழ்த் தந்தையின் மகளுக்கு நாட்டியம் ஆகாதா? ஏதிலியாக வந்து சேர்ந்த குடும்பத்தின் மகனுக்கு மிருதங்கம் எட்டாதா? பணப்பை மட்டுமே கலையின் வாயிற்காவலனாக நின்றால், கலை பண்பாடாக இராது. செல்வத்தின் அடையாளமாகச் சுருங்கும்.

எந்தக் கலை பிழைக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். திரைப்படப் பாடகர் வந்தால் நம் விழா அரங்குகள் நிரம்புகின்றன. சந்தை அவரைக் காக்கும். தெருக்கூத்துக் கலைஞரையும், நாதசுவரக் கலைஞரையும், பறை ஆசானையும் யார் காப்பது? தமிழ்நாட்டில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் குரலிசை, பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றுடன் நாதசுவரம், தவில், தேவாரம் ஆகியவற்றையும் கற்பிக்கின்றன. சந்தையின் கையில் விட்டிருந்தால் முதலில் மூடப்பட்டிருக்கும் வகுப்புகள் இவையே. அரசு அங்கே நிற்பதால்தான், பரம்பரையாக அக்கலையில் பிறக்காத ஏழைச் சிறுவனும் நாதசுவரத்தைக் கையில் ஏந்த முடிகிறது.

புரவலர் மாறினார், தேவை மாறவில்லை

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், எந்த வீட்டில் குடியிருத்தப்பட்டனர் என்பன அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் வருவாய் உள்ள ஒரு பங்கும் அளிக்கப்பட்டன. திருப்பதியம் பாட 48 பேரும், உடன் உடுக்கையும் கொட்டிமத்தளமும் முழக்க இருவரும் அமர்த்தப்பட்டு, நாளொன்றுக்கு ஒருவர்க்கு மூன்று குறுணி நெல் வழங்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வரவு செலவுத் திட்டத்தில் கலைக்கென ஒதுக்கிய தலைப்பு இது! பிற்காலத்தில் தஞ்சை மராட்டிய அரசவையும், மைசூர், திருவிதாங்கூர் அரசவைகளும் இப்பணியைத் தொடர்ந்தன. இன்று நாம் "மரபு" என்று பெருமை பேசும் கலைகளுள் பெரும்பகுதி இவ்வாறு பொதுச்செல்வத்தில் வளர்ந்ததே.

மன்னராட்சியை மீட்க வேண்டும் என்று நான் கூறவில்லை. மன்னன் தந்தது கொடை. தராவிட்டால் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. அந்த நெல்லை விளைவித்த உழவன் கோயில் அரங்கில் எங்கே நின்றான் என்ற கேள்வியும் உண்டு. குடியாட்சியில் புரவலர் மக்களே. வரி செலுத்துவோரும் அவர்களே. கலையைத் துய்க்க உரிமையுடையோரும் அவர்களே. ஆகவே அன்று அருளாக இருந்தது இன்று கடமையாக மாற வேண்டும்.

அமெரிக்காவின் சொந்தப் பாடம்

இந்நாட்டின் வரலாறும் இதையே கூறுகிறது. பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, 1935-இல் பிராங்ளின் ரூசவெல்ட்டின் அரசு ஓவியர்கள், எழுத்தாளர்கள், இசைக்கலைஞர்கள், நாடகக் கலைஞர்களுக்கு வேலை தரும் திட்டங்களைத் தொடங்கியது. வயிறு காய்ந்த காலத்தில் கலையா என்று அன்றும் கேட்டனர். அத்திட்டங்களில் ஊதியம் பெற்றோருள் ஓவியர்கள் ஜாக்சன் போலாக்கும் மார்க் ரோத்கோவும் உண்டு. எழுத்தாளர்கள் ரிச்சர்ட் ரைட்டும், ரால்ப் எல்லிசனும், ஜோரா நீல் ஹர்ஸ்டனும் உண்டு. நாடகத் திட்டத்தை 1939-இல் காங்கிரஸ் நிறுத்திவிட்டது என்பதும் வரலாறே.

அவற்றுள் எழுத்தாளர் திட்டம் செய்த ஒரு பணியை நாம் சிறப்பாகக் கருத வேண்டும். 1936 முதல் 1938 வரை, அடிமைகளாகப் பிறந்து விடுதலை பெற்ற கறுப்பின முதியோரைத் தேடிச் சென்று, 2,300-க்கும் மேற்பட்டோரின் வாழ்க்கைக் கூற்றுகளை அத்திட்டத்தினர் பதிவு செய்தனர். அடிமைமுறை 1865-இல் ஒழிந்தது. அதனைத் தம் கண்ணால் கண்டவர்கள் அப்போது எண்பது வயதை எட்டியிருந்தனர். இன்னும் பத்தாண்டு பொறுத்திருந்தால் அக்குரல்கள் மண்ணோடு போயிருக்கும். எந்தப் பதிப்பாளரும் இலாபம் கருதி அப்பணியை மேற்கொள்ள முன்வந்திருக்க மாட்டார். இன்று அப்பதிவுகள் இல்லாமல் அமெரிக்க வரலாற்றை எழுத இயலாது.

ஈழத்திலிருந்து வந்த நம் மூத்தோரின் நினைவுகளில் இருக்கும் நாட்டுக்கூத்துகளையும், தாலாட்டுகளையும், ஒப்பாரிகளையும், ஊர்க்கதைகளையும் யார் பதிவு செய்வர்? அவர்களும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். இப்பணியை இலாப நோக்கில் செய்ய எந்த நிறுவனமும் வராது. இங்கே இழப்பதற்கு இருப்பவர்கள் நாம்.

அரசு தந்தால் அரசு ஆட்டுவிக்காதா?

எதிர்வாதங்களுள் மதிக்கத்தக்கது இது ஒன்றே. காசு கொடுப்பவன் தாளத்தையும் தீர்மானிப்பான் என்ற அச்சம் பொய்யன்று. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்து சாம்பலானதைக் கண்ட இனம் நாம். அரசின் கை எவ்வளவு கொடியதாக மாறக்கூடும் என்று நமக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் அதிலிருந்து நாம் பெறும் முடிவு என்ன? அரசுக்குப் பண்பாட்டுடன் தொடர்பே கூடாது என்பதா? அந்நூலகமும் பொதுமக்களின் நூலகமே. குற்றம் பொது நூலகம் இருந்ததில் இல்லை. அதனைக் காக்க வேண்டியவர்கள் காக்காததில் இருக்கிறது. ஆகவே அரசை விலக்குவதைக் காட்டிலும், அதனை நெறிப்படுத்தும் அமைப்பைக் கட்டுவதே விடை.

அவ்வமைப்புக்கு முன்மாதிரிகள் உள்ளன. 1946-இல் பிரித்தானியாவில் கலை மன்றம் உருவானபோது, பணத்தை அரசு தரும், யாருக்கு என்பதை அரசியலாளர் தீர்மானிக்கக் கூடாது என்ற நெறி வகுக்கப்பட்டது. வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச்சின்னத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அது தனியார் நன்கொடையில் எழுந்தது. ஆனால் அதன் வடிவமைப்புப் போட்டிக்குத் தேசியக் கலை நிதியம் துணைநின்றது. 1981-இல் நடந்த அப்போட்டியில் 1,421 வடிவங்கள் வந்தன. வரைந்தவர் பெயர் நடுவர்களுக்குத் தெரியாதவாறு எண்கள் மட்டுமே இடப்பட்டிருந்தன. வென்றவர் 21 வயது மாணவி மாயா லின். சீனக் குடியேறிகளின் மகள். பெயரையும் முகத்தையும் பார்த்திருந்தால் அவரைத் தேர்ந்தெடுத்திருப்பார்களா?

அதே சமயம், 2025-இல் ஒரே மாலையில் அத்தனை நல்கைகள் நீக்கப்பட்டமை, ஒரே கையில் ஆதரவு குவிந்திருப்பதன் ஆபத்தையும் காட்டுகிறது. இதற்கு மினசோட்டா மாநிலம் ஒரு விடை கண்டுள்ளது. 2008 நவம்பரில், நிதி நெருக்கடி உச்சத்தில் இருந்த வேளையில், அம்மாநில மக்கள் தம் மீது தாமே ஒரு வரியை வாக்களித்து விதித்துக்கொண்டனர். விற்பனை வரி ஒரு விழுக்காட்டில் எட்டில் மூன்று பங்கு உயர்ந்தது. 2034 வரை 25 ஆண்டுகளுக்கு நீர்நிலைகள், காடுகள், பூங்காக்களுடன் கலைக்கும் பண்பாட்டு மரபுக்கும் அது உரியது என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது. கலைக்குரிய பங்கு 19.75 விழுக்காடு. அதாவது, 100 டாலருக்குப் பொருள் வாங்குபவர் கலைக்குத் தருவது ஏறத்தாழ 7 சென்ட். ஒரு ஆளுநரோ அதிபரோ ஒரு மாலையில் மின்னஞ்சல் அனுப்பி இதனை நிறுத்திவிட முடியாது.

அம்மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில்தான் 1992-இல் ராணி ராமசாமி தொடங்கிய ராகமாலா பரதநாட்டியக் குழு, மாநிலக் கலை வாரியத்தின் ஆதரவையும் பெற்று வளர்ந்து, அமெரிக்காவின் முன்னணி நடனக் குழுக்களுள் ஒன்றாகத் திகழ்கிறது. அவர் பின்னர் தேசியக் கலை மன்றத்தின் உறுப்பினராகவும் அமர்த்தப்பட்டார். வீணை தனம்மாளின் பேரரான குழலிசைக் கலைஞர் த. விசுவநாதனுக்கு 1992-இல் தேசியக் கலை நிதியம் தேசிய மரபுரிமை நல்கையை அளித்துச் சிறப்பித்தது. நம் கலையை "அயல்நாட்டுக் கலை" என்று ஒதுக்காமல், அமெரிக்க மரபின் ஒரு பகுதி என்று அரசு ஏற்ற தருணம் அது. மூடப்பட வேண்டும் என்று நம்மவர் தலையாட்டுவது இந்த நிதியத்தைத்தான்!

நாம் செய்ய வேண்டியவை

பெற்றோர்களே, உங்கள் மாநிலத்தில் ஒரு கலை வாரியம் உண்டு. மரபுக்கலை ஆசானிடம் மாணவர் பயில்வதற்கு நல்கை வழங்கும் திட்டத்தைப் பல மாநிலங்கள் நடத்துகின்றன. நம் தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப்பள்ளிகளும் இவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பறை, கூத்து, தேவாரப் பண்ணிசை எதுவாயினும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுக்களில் பொதுமக்களுக்கும் இடமுண்டு. நம்மவர் அங்கே அமர்ந்தால்தான் நாதசுவரம் என்னவென்று அறிந்த ஒருவர் அவ்வறையில் இருப்பார். பள்ளி நிதிக்குழுக் கூட்டங்களில் இசை, ஓவிய ஆசிரியர் பணியிடங்களை வெட்ட முனையும்போது, கணக்குப் பாடத்திற்காக எழும் அதே குரல் அங்கும் எழ வேண்டும்.

இளைஞர்களே, உங்களில் வாக்குரிமை உள்ளவர்கள் உங்கள் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதுங்கள். கலை நிதியத்தைப் பற்றி அவர் எவ்வாறு வாக்களித்தார் என்று கேளுங்கள். உங்கள் பாட்டியின் தாலாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஆனால் அத்துடன் நின்றுவிடாதீர்கள். ஆயிரம் பாட்டிகளின் தாலாட்டைப் பதிவு செய்து, பகுத்து, காப்பகத்தில் சேர்க்கப் பொதுப்பணத்தைக் கேட்டுப் பெறுங்கள். அது இரத்தல் அன்று. நாம் செலுத்தும் வரியின் பயனைக் கேட்பது குடிமக்களின் உரிமை.

ஒரு நாடு தன் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதற்கும் பாட்டு சொல்லித் தருவதற்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நம்மை நம்பவைக்கின்றனர். தலைக்கு 62 சென்ட் என்ற கணக்கு அந்த வாதத்தைப் பொய்யாக்குகிறது. சுவரும் வேண்டும், சித்திரமும் வேண்டும். இரண்டையும் எழுப்பும் வலிமை இந்நாட்டுக்கு உண்டு. அதனைக் கேட்டுப் பெறும் துணிவு நமக்கு வேண்டும்.

சிந்திப்போம்! செயற்படுவோம்!